இரண்டு ரவுட்டர்களையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கீழ்த்தளத்துக்கு ஒரு ரவுட்டரும் மேல்தளத்துக்கு ஒரு ரவுட்டரும் உள்ளன. கீழ்த்தளக் கணினிகளின் ஐபி முகவரிகள் 192.168.1 என்றும், மேல்தளத்தவை 192.168.2 என்றும் தொடங்குகின்றன. இணைய இணைப்பு கீழ் ரவுட்டருக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு கேபிள் மேல் ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டுக்கு, அதாவது வெளி இணைப்பு வரும் துளைக்குச் செல்கிறது. மேலிருந்து கீழ்த்தளப் பிரிண்டரில் அச்சிட முடிகிறது. ஆனால் கீழிருந்து மேல்தளக் கணினியின் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. இரண்டையும் மாற்றி விலை உயர்ந்தவற்றை வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரு திசையில் மட்டும் தொடர்பு கிடைப்பதே, கருவிகள் பழுதாகவில்லை என்பதற்குச் சான்று. மேல் ரவுட்டர் தன் பின்னால் இருக்கும் கணினிகளை எல்லாம் ஒரே முகவரிக்குள் மறைத்து வெளியே அனுப்புகிறது. இந்த முகவரி மாற்றத்தைத்தான் ‘நாட்’ என்கிறார்கள். அதனால் மேலிருந்து தொடங்கும் தொடர்புக்குப் பதில் திரும்பி வந்துவிடுகிறது. கீழிருந்து புதிதாகத் தொடங்கும் தொடர்பு எந்தக் கணினிக்கு உரியது என்பது அதற்குத் தெரிவதில்லை.

இரு தளங்களும் தனித்தனி வலையமைப்புகளாக இருந்தே தீர வேண்டுமா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். வேண்டாமெனில், மேல் ரவுட்டருக்கு 192.168.1 வரிசையில் வேறெந்தக் கருவிக்கும் போகாத ஒரு முகவரியைக் கொடுத்து, அதில் கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கேபிளை வான் போர்ட்டிலிருந்து உள் கணினிகளை இணைக்கும் லேன் (LAN) போர்ட்டுக்கு மாற்றினால் போதும். இரு தளங்களும் ஒரே வலையமைப்பாகிவிடும். பெரும்பாலான சிறு அலுவலகங்களுக்கு இதுவே தக்க வழி, செலவும் இல்லை.

கணக்குப் பிரிவைப் போல எதையேனும் தனியே வைக்க வேண்டியிருந்தால், மேல் ரவுட்டரில் ‘நாட்’ வசதியை அணைத்து, அதன் வான் போர்ட்டுக்கு மாறாத முகவரி ஒன்றை, எடுத்துக்காட்டாக 192.168.1.2 என்பதை, அளியுங்கள். பிறகு கீழ் ரவுட்டரில், எந்த வலையமைப்புக்கு எந்த வழியாக அனுப்புவது என்று பதியும் ஸ்டேட்டிக் ரூட் பக்கத்தைத் திறந்து, சேருமிடம் 192.168.2.0, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே (அடுத்து அனுப்ப வேண்டிய ரவுட்டர்) 192.168.1.2 என்று பதியுங்கள். கணினிகளின் கேட்வே அமைப்பைத் தொட வேண்டியதில்லை; அந்தந்தத் தள ரவுட்டரின் முகவரியே தொடரட்டும். இதன் பிறகும் கோப்புகள் திறக்கவில்லையெனில் வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்களைப் பாருங்கள். மேல் ரவுட்டரின் ஃபயர்வால் வான் பக்கத்திலிருந்து வருவதைத் தடுக்கலாம். விண்டோஸின் ஃபயர்வாலும் கோப்புப் பகிர்வை வழக்கமாகத் தன் வலையமைப்புக்குள் மட்டுமே அனுமதிக்கும் என்பதால், மேல்தளக் கணினியில் 192.168.1.0 வலையமைப்பையும் அனுமதிக்க வேண்டும்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. மலிவான ரவுட்டர்கள் சிலவற்றில் ‘நாட்’ வசதியை அணைக்கவே வழியிருக்காது. வேறு சில, தம் சொந்த வலையமைப்பின் முகவரிகளை மட்டுமே இணையத்துக்கு மாற்றி அனுப்பும். கீழ் ரவுட்டர் இந்த இரண்டாம் வகையாக இருந்தால், மேல்தளத்துக்கு இணையமே நின்றுபோகும். அப்போதுதான் புதியது வாங்க நியாயமான காரணம் கிடைக்கிறது. அதுவும் குறையுள்ள ஒன்றை மாற்றினால் போதும்.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகமும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையும் இந்தத் தேவைக்குச் சற்றும் உதவா. தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து அந்த மாடலின் பயனர் கையேட்டை இறக்கி, ஸ்டேட்டிக் ரூட் வசதியும் ‘நாட்’டை அணைக்கும் வசதியும் உள்ளனவா என்று தேடுங்கள். பிற வலையமைப்பின் முகவரிகளையும் இணையத்துக்கு அனுப்புமா என்பது கையேட்டில் பெரும்பாலும் இராது. ஆகவே பொருந்தாவிட்டால் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்ற பிறகே பணம் கொடுங்கள்.