வாசலில் ஒரு பலகை, பத்திரத்தில் ஒரு வரி

கேள்வி: தெற்கு மினியாபொலிஸில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட 38-வது தெரு முனை நடக்கிற தூரம்தான். அக்கம்பக்கத்தைப் பார்த்து நானும் வாசலில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பர் உயிரும் உயிரே) பலகை வைத்தேன். “பிழைக்க வந்த இடத்தில் நமக்கு எதற்கு ஊர்வம்பு?” என்கிறாள் மனைவி. இப்போது, வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் இருப்பது தெரியவந்திருக்கிறது. எழுதியது நாங்கள் இல்லையே. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், மினியாபொலிஸ், அமெரிக்கா

பதில்: பலகை விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம் நான் பாதி சாய்கிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம், செயின்ட் பாலில், இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். 2020 மே மாதத்துக்குப் பிறகு என் தெரு முழுக்கப் பலகைகள் முளைத்தன. பிறகு தெருக்கோடியில் நாலு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றதும், பலகை வைத்தவர்களே “கார் நிறுத்த இடம் இருக்காது” என்று எதிர்ப்பு மனுவோடு வீடுவீடாக வந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பத்திரத்துக்கு வருகிறேன். உங்கள் நகரில் இந்த மாதிரி முதல் பத்திரம் 1910-ல் எழுதப்பட்டது. சீனர், ஜப்பானியர், மூர்கள் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்), துருக்கியர், நீக்ரோ, மங்கோலியர், ஆப்பிரிக்க ரத்தம் என்று வரிசையாக அடுக்கி, இவர்களுக்கு விற்காதே, அடமானம் வைக்காதே, வாடகைக்கும் விடாதே என்றது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ‘மேப்பிங் பிரெஜுடிஸ்’ குழு பழைய ஆவணங்களைத் துழாவியதில் மினியாபொலிஸில் மட்டும் சுமார் 8,000 கிடைத்தன. 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்த முடியாது என்றது. வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1968 சட்டத்தோடு அந்த வரிகள் செத்தன. அவை பிரித்துவைத்த தெருக்கள் மட்டும் பிரிந்தேதான் கிடக்கின்றன.

பத்திரத்தில் எழுதாத இடத்திலும் அக்கம்பக்கத்தார் விடவில்லை. நீங்கள் சொல்லும் முனையிலிருந்து எட்டுத் தெரு தெற்கே, கொலம்பஸ் அவென்யூவில், 1931-ல் ஆர்தர் லீ என்ற கறுப்பினத் தபால் ஊழியர் வீடு வாங்கினார். முதல் உலகப் போரில் இந்த நாட்டுக்காகப் போனவர். காலி செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் வாசலில் திரண்டார்கள். லீனா ஆலிவ் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண் வக்கீல் துணை நின்றார். அந்த வீடு இன்றும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடந்துபோய்ப் பாருங்கள்.

எழுதியது நீங்கள் இல்லை, சரிதான். ஆனால் நமக்கு இந்த நாட்டின் கதவு திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். கறுப்பர்கள் தெருவில் அடிவாங்கிப் போராடிய அதே வருடங்களில், அதே காற்றில் வந்த சட்டம் அது. பிழைக்க வந்த இடம் யார் தயவில் கிடைத்தது என்பதையும் வீட்டில் பேசுங்கள். வீடு தேடும்போது நாம் சொல்கிற “நல்ல ஏரியா”வுக்கு என்ன அர்த்தம் என்பதையும்! “நீங்க எந்த ஆளுங்க?” என்று வாடகை வீட்டுக்காரர் கேட்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது புரியாத பாஷை இல்லை.

2019 முதல் அந்த வரியை நிராகரித்து ஆவணம் பதிவு செய்ய மாநிலச் சட்டம் வழி தருகிறது. பழைய எழுத்து அழியாது. அதன்மேல் உங்கள் மறுப்பு ஏறும். ‘ஜஸ்ட் டீட்ஸ்’ திட்டத்தில் வக்கீல்கள் இதை இலவசமாகச் செய்துதருகிறார்கள். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அதோடு கடமை முடிந்தது என்று போட்டோ எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

தெருவில் யார் வந்து குடியேறலாம் என்ற பேச்சு இப்போது பத்திரத்தில் இல்லை, கூட்டங்களில் நடக்கிறது. உங்கள் பகுதியில் புதுக் குடியிருப்பு பற்றி நகராட்சி கருத்துக் கேட்கும் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். முதல் தடவை வாயே திறக்க வேண்டாம். யார் எழுந்து பேசுகிறார்கள், யார் வரவே இல்லை என்று மட்டும் பாருங்கள். அடுத்த தடவை உங்கள் முறை வரும்போது, நான் போட்ட மாதிரி கையெழுத்தைப் போட்டுவிட்டு வராதீர்கள். பலகை இருப்பதும் போவதும் உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. மனைவியையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள், கூட்டத்தை இழுத்துக்கொண்டே போவார்கள்.