கப்பலில் யாரும் கரண்ட் பில் போடுவதில்லை

கேள்வி: என் தம்பி மகன் ஒரு ஏஜென்டை வீட்டுக்கு அழைத்து வந்தான். நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டும் சின்ன அணு உலையைக் கன்டெய்னரில் அடைத்து, லாரியில் ஏற்றி, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கலாமாம். 33 வருஷத்துக்கு எரிபொருளே போட வேண்டாமாம். கம்பெனி இன்னும் பங்குச்சந்தைக்கு வரவில்லை. இப்போதே ஆறு லட்சம் போட்டால் பத்து மடங்காகும் என்கிறார். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. நீங்கள் கப்பல் எஞ்சினீயராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். போடலாமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, கோவில்பட்டி

பதில்: போடாதீர்கள் டீச்சர். ஆனால் அந்த ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நீங்களே அவரைக் காபி கொடுத்து அனுப்பியிருப்பீர்கள்.

அந்த 33 வருஷக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகள் ஆயுள் முழுக்க எரிபொருள் மாற்றாமல் ஓடும்படி கட்டப்பட்டவை. உண்மைதான். ஆனால் அதற்குள் இருப்பது 90 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டிய யுரேனியம், அணுகுண்டுக்கு ஆகிற சரக்கு. அதை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப எந்த அரசு சம்மதிக்கும்? அமெரிக்க ராணுவத்துக்காக இப்போது ‘பேலே’ என்ற பெயரில் நிஜமாகவே கன்டெய்னரில் அடங்கும் உலை ஒன்று தயாராகிறது. கட்டுவது அந்த நாட்டுக் கடற்படைக்கு உலை செய்து கொடுக்கும் அதே கம்பெனி. எரிபொருளின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே. கிடைக்கப்போவது 1 முதல் 5 மெகாவாட். ராணுவம் கேட்டிருப்பது, ஒரு முறை எரிபொருள் போட்டால் குறைந்தது மூன்று வருஷம் ஓட வேண்டும் என்பது. 33 எங்கே, 3 எங்கே!

நான் 22 வருஷம் எஞ்சின் ரூமில் இருந்தவன். வாட்ச் நேரத்தில், அதாவது எங்கள் ஷிப்டில், ஜெனரேட்டர் லாக் புத்தகத்தில் மணிக்கு மணி கிலோவாட் எழுதுவோம், டெம்பரேச்சர் எழுதுவோம், எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று எழுதுவோம். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கங்களில் ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை என்று எழுத ஒரு கட்டமே கிடையாது. எந்தச் சீஃப் எஞ்சினீயரும் ஒரு நாளும் கேட்டதில்லை. கப்பலுக்கு மின்சாரம் வேண்டும், அவ்வளவுதான். அதிலும் போர்க்கப்பல் என்றால் பணம் ஒரு பேச்சே இல்லை. நம் அரிஹந்த் நீர்மூழ்கிக்கான மாதிரி உலை கல்பாக்கத்தில்தான் ஓடியது. அதன் யூனிட் விலையை யார் கேட்டார்கள்? கடலில் ஓடுகிறது என்பதால் கரையிலும் ஓடும், சரி. ஆனால் கரையில் அதை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

விலை பேச ஆரம்பித்தால் கதை மாறிவிடும். அமெரிக்காவின் ‘சவன்னா’ அணுசக்தியில் ஓடிய சரக்குக் கப்பல். 1959-ல் கடலில் இறக்கினார்கள். எஞ்சின் பிரமாதம். சரக்கு ஏற்றிச் செலவைக் கட்ட முடியாமல் 1971-ல் நிறுத்திவிட்டார்கள். ரஷ்யாவின் ‘அகாடமிக் லொமொனோசவ்’ மிதவை மின் நிலையத்தில் இருப்பது பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களின் உலையைத் தழுவிச் செய்த இரண்டு உலைகள். 2007-ல் கட்ட ஆரம்பித்து 2019 டிசம்பரில்தான் பெவெக் என்ற வடகோடித் துறைமுகத்துக்கு மின்சாரம் கொடுத்தது. மொத்தமே 70 மெகாவாட். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் ஒரே ஒரு இயந்திரம் மட்டும் 210 மெகாவாட். ஆர்க்டிக்கில் வேறு வழியில்லாத ஊருக்கு இது சரி. கோவில்பட்டிக்கு எதற்கு?

எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்கிறாரே, அங்கே இருப்பவர்கள் உள்ளே விட வேண்டாமா? ஜப்பானின் ‘முட்சு’ அணுக்கப்பலில் 1974-ல் முதல் ஓட்டத்திலேயே கதிர்வீச்சு கசிந்தது. வேகவைத்த சோற்றில், நியூட்ரானை உறிஞ்சும் போரானைக் கலந்து அடைத்துப் பார்த்தார்கள். (எஞ்சின் ரூம் வைத்தியம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.) சொந்தத் துறைமுகத்து மீனவர்கள் திரும்பி வர விடவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே நின்றது.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். சிறு உலைக் கம்பெனிகளில் பேர்பெற்றது அமெரிக்காவின் நியூஸ்கேல். 462 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 58 டாலர் என்று சொன்ன விலை 89 ஆனது, அதுவும் அரசு மானியத்தைக் கழித்த பிறகு. அந்த மின்சாரத்தை வாங்க இருந்த நகராட்சிகள் பின்வாங்கின, 2023 நவம்பரில் திட்டம் ரத்து. சில வாரங்களில் பங்கு இரண்டு டாலர் பக்கம் விழுந்தது. அதே பங்கு 2025 அக்டோபரில் 50 டாலருக்கு மேல் போனது. நடுவில் அந்தக் கம்பெனியின் உலை ஒரு யூனிட் மின்சாரம்கூட விற்கவில்லை. இந்த ஆட்டத்தை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஓய்வூதியப் பணம் அங்கே போக வேண்டாம்.

இது கணக்கு வழக்கு வெளியே தெரியும் கம்பெனியின் கதை. உங்களிடம் வந்திருப்பது பட்டியலில் இல்லாத பங்கு, கொண்டுவந்தவர் கமிஷன் ஏஜென்ட். அவரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தப் பங்கை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறீர்கள்? நம் கம்பெனிச் சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, இப்படித் தனிப்பட்ட முறையில் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அணு உலை கட்ட என்ன உரிமம் வாங்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம்.

தம்பி மகனைத் திட்டாதீர்கள். தொண்ணூறுகளில் நானும் லீவில் வந்தபோது 40,000 ரூபாயைத் தேக்கு மரத் திட்டம் ஒன்றில் போட்டேன். பத்திரம் இன்னும் பீரோவில் இருக்கிறது. மரத்தை நான் பார்த்ததே இல்லை.

கேள்வி: அணு வேண்டாம். டீசலிலோ கேஸிலோ ஓடும் மின் நிலையத்தைக் கப்பலில் வைத்து வாடகைக்கு விட்டால் லாபம்தானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: துருக்கிக் கம்பெனி ஒன்று அதைத்தான் செய்கிறது, 2015 முதல் கானாவுக்கே மின்சாரம் விற்கிறது. நம் நாட்டிலும் நடந்தது. 2001-ல் மங்களூர் தணீர்பாவியில் மிதவை மேல் 220 மெகாவாட் நிலையம் வைத்தார்கள். விமான எஞ்சினிலிருந்து பிறந்த டர்பைன், கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் நாப்தாவில் ஓடியது. நாப்தா விலை கட்டுப்படியாகவில்லை. சரி, எரிவாயு இருக்கிற ஊருக்குப் போவோம் என்று மிதவையோடு இழுத்துக்கொண்டு காக்கிநாடாவுக்குப் போனார்கள். நகர்த்த முடிந்தது, அந்த வகையில் ஏஜென்ட் சொல்வது போலவே. கொஞ்ச வருஷத்தில், அங்கே நம்பிப் போன கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் எரிவாயுவும் குறைந்துபோனது.