டீ குடித்த இடம் மட்டும்தானா?

கேள்வி: அமெரிக்காவில் பெண்கள் சங்கங்களின் பழைய கட்டடங்களை நினைவுச் சின்னங்களாகப் பாதுகாக்கிறார்களாம். வசதியான வீட்டுப் பெண்கள் கூடி டீ குடித்து அரட்டையடித்த இடத்துக்கு இவ்வளவு மரியாதை தேவையா? (வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: வசதியானவர்கள்தான், மறுக்கவில்லை. டீயும் உண்டு. ஆனால் 1905இல் முன்னாள் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து ஒரு பெண்கள் பத்திரிகையில் கட்டுரை எழுதி, பெண்ணுக்குப் பாதுகாப்பான சங்கம் அவளுடைய வீடுதான் என்று எச்சரித்தார். டீயைப் பார்த்தா அவர் பயந்திருப்பார்?

1868இல் நியூயார்க் பத்திரிகையாளர் சங்கம் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு விருந்து வைத்தது. ஜேன் கன்னிங்ஹாம் க்ரோலி பேர் பெற்ற பத்திரிகையாளர். பெண் என்பதால் அவருக்கு அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் தொடங்கியதுதான் சொரோசிஸ் என்ற பெண்கள் சங்கம். டிக்கன்ஸுக்கு விருந்து நடந்த டெல்மோனிகோஸ் உணவகத்திலேயே அவர்கள் கூடினார்கள். ஆண் துணையில்லாத பெண்களுக்கு நல்ல உணவகங்கள் சாப்பாடு பரிமாறத் தயங்கிய காலம் அது. 1890இல் நாடு முழுவதும் உள்ள சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தன.

உணவகமோ, தேவாலயமோ, கணவரின் வரவேற்பறையோ, எதுவானாலும் அடுத்தவர் தயவு. அதனால்தான் கட்டடம் முக்கியமாகிறது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் பெண்கள் நூலகச் சங்கம் 1879இல் தனக்கென்று ஒரு கட்டடம் எழுப்பியது. அமெரிக்காவில் பெண்கள் சங்கத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். அப்புறம் ஊர் ஊராக, பங்கு விற்றும் நன்கொடை திரட்டியும் கட்டினார்கள். நிலம் பார்ப்பது, கடன் வாங்குவது, ஒப்பந்தக்காரரோடு பேரம் பேசுவது எல்லாம் அவர்களே. பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தது 1920இல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண் கட்டடக் கலைஞர்களுக்கும் இந்தச் சங்கங்கள் வேலை கொடுத்தன. கலிபோர்னியாவில் கட்டடக்கலை உரிமம் பெற்ற முதல் பெண் ஜூலியா மார்கன். அங்குள்ள பெர்க்லி நகரப் பெண்கள் அவரை நம்பி ஒப்படைத்த ஆறு மாடிச் சங்க மாளிகை 1930இல் திறக்கப்பட்டது. உள்ளேயே நீச்சல் குளம். இன்றும் நிற்கிறது.

இந்தச் சங்கங்கள் செய்ததைப் பாருங்கள். 1899இல் சிகாகோவில் சிறார்களுக்கெனத் தனி நீதிமன்றம் அமைந்ததில் சிகாகோ பெண்கள் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. ஃப்ளோரிடாவில் பெண்கள் கூட்டமைப்பு 1916இல் உருவாக்கிய ராயல் பாம் பூங்காதான் பிற்பாடு எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் கருவாயிற்று. எத்தனையோ சிற்றூர்களின் பொது நூலகமும் இவர்கள் ஆரம்பித்துவைத்ததே.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கதவு யாருக்குத் திறந்தது? 1900இல் மில்வாக்கியில் கூட்டமைப்பின் மாநாடு. பாஸ்டனின் கறுப்பினப் பெண்கள் சங்கத் தலைவி ஜோசஃபின் ரஃபின் வந்தார். வெள்ளையர் சங்கங்களிலும் அவர் உறுப்பினர். அந்தச் சங்கங்களின் பிரதிநிதியாக வேண்டுமானால் உட்காரலாம், கறுப்பினச் சங்கத்தின் பெயரில் கூடாது என்றார்கள் கூட்டமைப்பினர். ரஃபின் சம்மதிக்கவில்லை. டிக்கன்ஸ் விருந்தில் தங்களுக்கு நேர்ந்ததை அவர்களே இன்னொரு பெண்ணுக்குச் செய்தார்கள். இதை மூடி மறைக்கும் எந்த வரலாற்றையும் என்னால் ஏற்க முடியாது.

கறுப்பினப் பெண்கள் 1896லேயே தங்களுக்கென்று தேசியச் சங்கம் கண்டிருந்தார்கள். மேரி சர்ச் டெரல் அதன் முதல் தலைவர். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸின் கடனில் இருந்த வீட்டை மீட்டுக் கொடுத்தது அந்தச் சங்கம். கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூன் 1935இல் தொடங்கிய மற்றொரு கறுப்பினப் பெண்கள் அமைப்பு, 1943இல் வாஷிங்டனில் ஒரு வீட்டை வாங்கித் தலைமையகமாக்கியது. இன்று அது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

பெர்க்லி மாளிகையையும் பாதுகாக்கட்டும், பெத்யூன் வீட்டையும் பாதுகாக்கட்டும். வெள்ளையர் சங்கக் கட்டடங்களில் வைக்கும் பலகைகளில் மில்வாக்கியில் நடந்ததையும் எழுத வேண்டும்.