மாநிலங்களவை மறுத்துவிட்டால் ஒரு மசோதா என்னவாகும்?

மக்களவையில் தெளிவான பெரும்பான்மை பெற்ற அரசை மாநிலங்களவையால் உண்மையிலேயே தடுத்து நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எவ்வகை மசோதா என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும்.

வரி, அரசின் செலவு போன்றவை மட்டும் அடங்கிய பண மசோதாவை மாநிலங்களவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அது சொல்லும் திருத்தங்களை மக்களவை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஒரு மசோதா பண மசோதாவா என்று முடிவு செய்பவரும் மக்களவைத் தலைவரே. சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். 543 பேர் கொண்ட மக்களவையும் 245 பேர் கொண்ட மாநிலங்களவையும் சேர்ந்து வாக்களிக்கும்போது யார் கை ஓங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் 1961இல் வரதட்சணைத் தடை மசோதாவுக்காகவும், 1978இல் வங்கிப் பணி ஆணையத்தைக் கலைக்கும் மசோதாவுக்காகவும், 2002இல் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவான பொடாவுக்காகவும் என மூன்று முறை மட்டுமே இவ்வழி பயன்பட்டிருக்கிறது.

அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. ஒவ்வோர் அவையும் தனித்தனியே, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமலும் ஆதரித்தாக வேண்டும். 1970இல், முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றி அனுப்பியபோது, மாநிலங்களவையில் 149 பேர் ஆதரித்தனர், 75 பேர் எதிர்த்தனர். இன்னும் ஒருவர் ஆதரித்திருந்தால் நிறைவேறியிருக்கக்கூடிய திருத்தம் அன்று வீழ்ந்தது. 1971 தேர்தலில் அரசு பெரும் வெற்றி பெற்ற பிறகே அந்த மானியம் ஒழிந்தது.

மக்களவையில் வென்ற கட்சிக்கு இங்கே எண்ணிக்கை குறைவது ஏன் என்பதற்கான காரணம் இந்த அவை அமையும் முறையிலேயே இருக்கிறது. மாநிலங்களவை கலைக்கப்படுவதே இல்லை. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகின்றனர். குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேர் தவிர மற்றவர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுக்கின்றன. தமிழ்நாட்டுக்குரிய 18 இடங்களில் ஒவ்வொரு முறையும் ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடக்கிறது. 234 சட்டமன்ற உறுப்பினர்களும் வாக்களித்தால் ஒருவர் வெல்ல 34 பேரின் ஆதரவு வேண்டும். ஆகவே சட்டமன்றத்தில் சிறுபான்மையாக உள்ள கட்சியும் தில்லிக்கு ஒருவரை அனுப்ப முடிகிறது. ஒரே தேர்தல் அலையில் மொத்த அவையும் மாறிவிடாதபடி செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. ஒரு மாநிலத்தின் உறுப்பினர் அந்த மாநிலத்திலேயே வாக்காளராக இருக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2003ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. மாநிலங்களின் குரலாக ஓர் அவை இருக்க வேண்டுமென்றால் அந்த நிபந்தனை திரும்ப வர வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.