வாரம் ஒரு தலைப்பு, வீடு முழுக்க முகங்கள்

கேள்வி: வாராந்திரப் புகைப்படச் சவாலில் குடும்பத்தினரை மட்டுமே எடுத்து அனுப்புகிறேன். இந்த வாரத் தலைப்பு ‘நிழல்’. கேமராவைத் தூக்கினாலே எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள், என்ன செய்ய?

பதில்: நிற்கச் சொல்வதுதான் தப்பு. ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள், பேச்சு சூடுபிடித்ததும் உங்களையே மறந்துவிடுவார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டால் ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழும், மறு கன்னத்தில் இருப்பதுதான் உங்கள் ‘நிழல்’. தலைப்புக்காகச் சுவரில் விழும் நிழலைத் தேடி அலைய வேண்டாம் (பாதிப் பேர் அதைத்தான் அனுப்புவார்கள்).

தனி முகத்துக்கு லென்ஸ் திறப்பு (அப்பெர்ச்சர்) எஃப்/2.8 போதும். இரண்டு வரிசையாக உட்கார்ந்தால் திறப்பைச் சுருக்கி எஃப்/8 வையுங்கள், இல்லையென்றால் பின்வரிசை மங்கிவிடும். குழந்தை ஓடினால் ஷட்டர் வேகம் 1/500 நொடி, அதற்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏற்ற வேண்டி வரும், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. மொபைல் என்றால் ரொம்பக் கிட்டே போகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும், தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் செய்யுங்கள்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், முக்கியமாகப் பதின்வயதுப் பிள்ளைகளிடம்.