கேளுங்கள், எழுதுகிறோம்: பத்திரிகையாளர் சங்கமும் அரசின் கையும்

சென்ற இதழில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "நிருபரைத் தனியாக மிரட்டுவதைவிட அவருடைய சங்கத்தை முடக்குவது அரசுகளுக்குச் சுலபம்" என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வாசகர்கள் எழுதிவிட்டார்கள். எனவே இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மருமகன் ஒரு நாளிதழில் நிருபர். "சங்கத்தில் சேராதே, பெயர் கெட்டுவிடும்" என்று மூத்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்களாம். சம்பளத்துக்கும் விடுமுறைக்கும் வாதாடும் ஒரு சங்கத்தைக் கண்டு அரசாங்கம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்)

பதில்: ஐயா, சம்பளம் என்பது சங்கத்தின் பாதி வேலைதான். சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் உள்ள ஓர் அலுவலகத்தில் ஒருவரை வெளியே அனுப்ப வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், உள்விசாரணை நடத்த வேண்டும், சங்கப் பிரதிநிதியை அருகில் உட்காரவைக்க வேண்டும். ஆகவே "அந்த நிருபரைக் கொஞ்சம் அடக்கிவையுங்கள்" என்று மேலிடத்திலிருந்து ஒரு வாய்வார்த்தை வந்தால், அது எங்காவது ஒரு தாளில் காரணமாக மாறியே தீர வேண்டும். வாய்வார்த்தையால் காரியம் சாதித்துப் பழகியவர்களுக்குத் தாள் பிடிப்பதில்லை.

மூத்தவர்கள் சொன்னதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. நான் துணையாசிரியராக இருந்த ஒரு நாளிதழில், அதன் பெயர் இப்போது வேண்டாம், நாடாளுமன்றச் செய்திகளை எழுதிவந்த நண்பர் ஒருவர் சங்கத்தின் கிளைச் செயலாளரானார். சம்பளப் பேச்சுவார்த்தைக்கான கடிதத்தை வெள்ளிக்கிழமை நிர்வாகியிடம் கொடுத்தார்; திங்கட்கிழமை காலை அவருடைய நாற்காலி மரண அறிவிப்பு விளம்பரங்கள் வாங்கும் மேசைக்குப் போயிருந்தது. சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. எஃகு அளவுகோலை வைத்துக்கொண்டு இறந்தவர்களின் படம் எத்தனை சென்டிமீட்டர், அதற்கு எத்தனை ரிங்கிட் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தோம். கீழே ஒட்டுக்கடையில் அவரோடு தே தாரிக் குடிக்கப் போகும் கூட்டம் எட்டுப் பேர் இருந்தது; அந்த வாரக் கடைசியில் நானும் இன்னொருவரும் மட்டுமே மிஞ்சினோம். அமைச்சிலிருந்து தொலைபேசி வந்தது என்று பேசிக்கொண்டார்கள். வந்ததா, நிர்வாகமே பரப்பிய கதையா என்பது கடைசி வரை தெரியவில்லை. அந்தச் சந்தேகமே போதுமாக இருந்தது. அடுத்த கிளைக் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்கூடச் சேரவில்லை.

கேள்வி: 1961இல் நடந்த உத்துசான் மெலாயு வேலைநிறுத்தம் பற்றி என் தந்தையார் அடிக்கடி பேசுவார். அது சம்பளத் தகராறா, அரசியல் தகராறா?
(வாசகர், செந்தூல்)

பதில்: சம்பளத்துக்காக நடந்ததல்ல, அதனால்தான் அது இன்றும் பேசப்படுகிறது. 1939இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட அந்த நாளிதழ், பிற்பாடு சிங்கப்பூரின் முதல் அதிபரான யூசோப் இஷாக்கின் கையில் வளர்ந்து, 1958இல் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. ஆளுங்கட்சியான அம்னோ பங்குகளை வாங்கி நிர்வாகத்தைப் பிடித்ததோடு நிற்காமல், 1961 ஜூலையில் தன் கட்சிக்காரர் ஒருவரைச் செய்திப் பிரிவுக்கு மேலே அமர்த்த முற்பட்டது. எந்தச் செய்தி போகும், எது போகாது என்பதை ஆசிரியர் குழு தீர்மானிக்க வேண்டும் என்று ஆசிரியர் சைட் சஹாரியும் ஊழியர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் அது நீடித்தது.

அரசாங்கம் அதை முறியடித்த விதத்தைப் பாருங்கள். போராட்டப் பந்தலைப் பிரிப்பதைக் காட்டிலும் அமைதியான வழி ஒன்று அதனிடம் இருந்தது. சைட் சஹாரி சிங்கப்பூருக்குப் போயிருந்த நேரத்தில், அவர் மலாயாவுக்குள் திரும்பி நுழையக் கூடாது என்று தடை போடப்பட்டது. போராட்டத்தின் தலைவர் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், தொண்டர்கள் இந்தப் பக்கம். சம்பளமில்லாத மூன்றாவது மாதத்தில், பிள்ளைகுட்டிகளை வைத்துக்கொண்டிருந்த ஊழியர்கள் என்ன செய்வார்கள்? வேலைநிறுத்தம் தோற்றது. சைட் சஹாரி 1963 பிப்ரவரி 2ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த 'கோல்ட்ஸ்டோர்' கைது நடவடிக்கையில் பிடிக்கப்பட்டு, எந்த விசாரணையும் இல்லாமல் 1979 வரை காவலில் இருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப் பேரத்தையும் பாதுகாக்கும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 98ஆம் ஒப்பந்தத்தை மலாயா ஏற்றுக்கொண்டதும் அதே 1961இல்தான். அதற்கு இணையான 87ஆம் ஒப்பந்தம், அதாவது சங்கங்கள் அரசின் தலையீடில்லாமல் இயங்கலாம் என்று சொல்லும் ஒப்பந்தம், இன்னும் நம் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

தேசியப் பத்திரிகையாளர் சங்கம் 1962இல் அமைந்தது. அதன் தலைவராக 2010இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹத்தா வஹாரி வேலை பார்த்ததும் அதே உத்துசான் நிறுவனத்தின் 'உத்துசான் மலேசியா' நாளிதழில்தான். தன் நாளிதழின் செய்திப் போக்கைச் சங்கத் தலைவர் என்ற முறையில் வெளிப்படையாக விமர்சித்ததற்காக அவர் இடைநீக்கம் செய்யப்பட்டு, உள்விசாரணைக்குப் பிறகு 2011இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 50 ஆண்டு இடைவெளியில் ஒரே கட்டடத்துக்கு ஒரே நோய். அந்த நாளிதழ் 2019 அக்டோபரில் மூடப்பட்டபோது, பல மாதச் சம்பளப் பாக்கியோடு தெருவுக்கு வந்த ஊழியர்களுக்காகப் பேசியதும் சங்கம்தான் என்பதைத் தங்கள் தந்தையாரின் கதையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சங்கம் என்றால் எங்களுக்குத் தோட்டத் தொழிலாளர் சங்கம்தான். பத்து பேர் கூடிச் சங்கம் வைத்துக்கொள்ள அரசாங்கத்தின் பதிவு எதற்கு? கோயில் கமிட்டிபோல நடத்திக்கொண்டு போக முடியாதா?
(வாசகர், நிபோங் திபால்)

பதில்: கோயில் கமிட்டிக்கும் இந்த நாட்டில் பதிவு உண்டு, ஐயா! ஆனால் தொழிற்சங்கப் பதிவின் வரலாறு வேறு. 1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசு சட்டத்தைத் திருத்தி, ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள்தாம் ஒன்றுசேரலாம், அந்தத் தொழிலில் குறைந்தது மூன்றாண்டு வேலை பார்த்தவர்தாம் பொறுப்பில் இருக்கலாம் என்று ஆக்கியது. அந்த மாதமே அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவும் போயிற்று. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும், அதற்கு முதல் நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டதும் தாங்கள் அறியாததல்ல. கணபதியின் தூக்கை நினைவில் வைத்திருக்கும் நாம், அதற்கு முன்பே அவருடைய சம்மேளனத்தைக் கொன்ற அந்தப் பதிவேட்டை மறந்துவிட்டோம்.

சுதந்திர மலாயா அந்தப் பதிவேட்டைக் கிழித்துப் போடவில்லை. 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமாக எழுதி வைத்துக்கொண்டது. பதிவை மறுக்கவும் ரத்து செய்யவும் தொழிற்சங்கத் தலைமை இயக்குநருக்கு அதில் அதிகாரம் உண்டு. வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் இரகசிய வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும், முடிவை அவருக்கு அனுப்ப வேண்டும், அதன்பிறகு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அமைச்சர் தகராறைத் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும். ஒரு நாளிதழின் அச்சு இயந்திரம் ஒரே ஓர் இரவு நிற்பதற்குள் இத்தனை வாசல்.

"ஒரே தொழில்" என்ற வேலி பத்திரிகை உலகத்தை மிகவும் படுத்தியது. இந்தச் சங்கம் இந்த ஊழியர்களைப் பிரதிநிதிக்கத் தகுதி உடையதா என்று நிர்வாகம் கேள்வி எழுப்பினால், அந்த வாதம் துறைக்கும் நீதிமன்றத்துக்குமாக ஆண்டுக்கணக்கில் இழுபடும். 2024 செப்டம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் அந்த வேலியை எடுத்துவிட்டது. நல்ல திருத்தம் என்பது என் எண்ணம், 76 ஆண்டு தாமதமானாலும்.

இன்னொரு பிடி, நிறுவன உரிமையாளரின் கழுத்தில் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 2012 வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் 'ஓப்ஸ் லாலாங்' என்ற கைது நடவடிக்கையின்போது 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வத்தான்' ஆகிய மூன்றின் உரிமங்களும் பறிக்கப்பட்டன. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் வி. டேவிட் உள்படப் பலர் காவலில் வைக்கப்பட்டார்கள். அந்த மூன்று நாளிதழ்களின் ஊழியர்களுக்கு அது வேலை போன கதையும்கூட. அதற்குப் பிறகு எந்த முதலாளி சங்கத்தின் பக்கம் நின்று அமைச்சைப் பகைத்துக்கொள்வார்?

கேள்வி: மற்ற நாடுகளில் இதைவிட மோசமா?
(கல்லூரி மாணவி, ஜார்ஜ்டவுன்)

பதில்: மோசமும் உண்டு அம்மா, மீண்டு வந்ததும் உண்டு. இலங்கையில் உழைக்கும் பத்திரிகையாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர் பொத்தல ஜயந்த, 2009 ஜூன் 1ஆம் தேதி வேனில் கடத்தப்பட்டு, காலை உடைத்து, தாடியை மழித்துச் சாலையோரம் வீசப்பட்டார். பின்னர் நாட்டைவிட்டே போனார். ரஷ்யாவிலும் பெலாரசிலும் சங்கத்தை முடக்கும் வேலையை நீதிமன்றமே செய்தது. பெலாரஸ் பத்திரிகையாளர் சங்கம் 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாலும், ரஷ்யாவின் பத்திரிகையாளர், ஊடக ஊழியர் தொழிற்சங்கம் 2022 செப்டம்பரில் மாஸ்கோ நகர நீதிமன்றத்தின் தீர்ப்பாலும் கலைக்கப்பட்டன.

ஹாங்காங்கில் நடந்தது நமக்கு இன்னும் பரிச்சயமானது. அங்குள்ள பத்திரிகையாளர் சங்கத்திடம், அதன் நடவடிக்கைகள் அதன் விதிமுறைகளுக்கு உட்பட்டவைதாமா என்று தொழிற்சங்கப் பதிவாளர் 2022இல் விளக்கம் கேட்டார். பாதுகாப்புத் துறைச் செயலாளர் வெளிப்படையாகவே அதன் பிரதிநிதித்துவத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். 2024 ஜூனில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செலினா செங், அடுத்த மாதமே 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' வேலையை இழந்தார். மறுசீரமைப்பு என்றது நிறுவனம். தேர்தலில் நிற்க வேண்டாம் என்று மேலாளர் முன்கூட்டியே சொன்னார் என்கிறார் அவர். அரசாங்கம் முறைக்கிறது, வெளிநாட்டு நிறுவனம் தலையைத் தாழ்த்துகிறது.

தென்கொரியாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எம்.பி.சி. தொலைக்காட்சியின் சங்கம் அரசுக்குச் சாதகமான நிர்வாகத்தை எதிர்த்து 2012இல் 170 நாள் வேலைநிறுத்தம் செய்தது. பலர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவரான சோய் சுங்-ஹோ 2017 டிசம்பரில் அதே நிறுவனத்தின் தலைவராக உள்ளே நுழைந்தார். நீக்கப்பட்ட தோழர்களும் வேலைக்குத் திரும்பினார்கள்.

கேள்வி: நான் இரண்டாண்டாக ஓர் ஊடகத்தில் வேலை செய்கிறேன். சங்கக் கூட்டத்துக்குப் போகாதே, போனால் வேலை நிரந்தரமாகாது என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னார். எனக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?
(பெயர் வேண்டாம், கோலாலம்பூர்)

பதில்: உண்டு, தம்பி. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சங்கத்தில் சேரும் உரிமையில் எவரும் தலையிடுவதைத் தடுக்கிறது; சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை தர மறுப்பதையும், நீக்குவதையும், அப்படி மிரட்டுவதையும் 5ஆம் பிரிவு தடை செய்கிறது. 8ஆம் பிரிவின்படி தொழிலியல் உறவுத் துறைக்கு எழுத்துமூலம் புகார் செய்யலாம்.

ஆனால் உங்களுக்கு நேர்ந்தது வாய்மொழி. அதை இன்றே எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். நாள், நேரம், எந்த அறை, யார் இருந்தார்கள், என்ன சொற்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, சங்கச் செயலாளருக்கும் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவையுங்கள். அலுவலக மின்னஞ்சல் வேண்டாம். வேலையிலிருந்து நீக்கியே விட்டால், 60 நாளுக்குள் 20ஆம் பிரிவின் கீழ் முறையிட வேண்டும். "மேலே பேசிப் பார்க்கிறேன், பொறு" என்று யாராவது நல்ல மனிதர் சொல்வார். அந்தப் பொறுமையில் 61ஆம் நாள் வந்துவிடும். முன்பெல்லாம் அந்த முறையீட்டை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்பது அமைச்சரின் விருப்பமாக இருந்தது. 2021 ஜனவரி முதல், சமரசம் தோற்றால் துறையின் தலைமை இயக்குநரே நேராக அனுப்பிவிடுகிறார். இடமாற்றத்துக்குத்தான் எளிய மருந்து இல்லை. அது நிர்வாகத்தின் உரிமை என்றே சட்டம் பார்க்கிறது. பழிவாங்கல் என்று காட்ட வேண்டிய சுமை உங்கள் தலையில்தான் விழும். மரண அறிவிப்பு மேசையில் உட்கார்ந்த என் நண்பரால் அதைக் காட்ட முடியவில்லை.

கேள்வி: ஊடக மன்றம் வந்துவிட்ட பிறகு சங்கம் எதற்கு?
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: 2025இல் சட்டமான ஊடக மன்றம், செய்தியைப் பற்றிய புகார்களையும் நெறிமுறையையும் கவனிப்பதற்காக வந்தது. நிருபரின் கூட்டு ஒப்பந்தத்துக்கு அது மேசை போடாது.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் இதழில் சங்கம் உண்டா?
(வாசகி, பாயான் லெப்பாஸ்)

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், அம்மா. இல்லை. புதிய சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பத்தில் குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். மாதச் சம்பளச் சீட்டு வாங்குவோர் இங்கே ஐந்து பேர்தாம், அதில் ஒருவர் கணக்கர். மற்றவர்கள் கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கும் பகுதிநேர நிருபர்கள். வேலை ஒப்பந்தம் இல்லாதவர்களுக்குச் சங்கச் சட்டத்தின் கதவு எளிதில் திறப்பதில்லை. தமிழ் அச்சு ஊடகத்தில் பெரும்பாலோரின் நிலை இதுதான். இந்தப் பதிலை வெட்டாமல் போடச் சம்மதமா என்று பதிப்பாளரிடம் கேட்டேன். இரண்டு முறை படித்தார், கணக்கரைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.