வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ சாட்சியாகுமா?

கே: எங்கள் வாய்க்கால் கரையைப் பக்கத்து வயல்காரர் ஜேசிபி வைத்து இடித்ததை என் மகன் செல்போனில் எடுத்தான். வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம். அது போதாதா? (வாசகி, மேலூர்)

ப: வக்கீல் விவரம் தெரிந்துகொள்ளப் போதும். கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்யப் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்), 63-ஆம் பிரிவின்படி நகலோடு சான்றிதழும் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழின் வாரிசுதான் இது. இப்போது சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. ‘ஏ’ பகுதியை உங்கள் மகன் நிரப்ப வேண்டும்: போனின் கம்பெனி, மாடல், ஐஎம்இஐ எண் (*#06# அடித்தால் வரும்). ‘பி’ பகுதி நிபுணருக்கு. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும்.

சிக்கலே ஹாஷில்தான். கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் எழுத்து-எண் வரிசை அது. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறையில் 64 இடங்கள். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. ஒரு நொடியை வெட்டினாலோ முழுதும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் வீடியோ சுருங்கிவிடுவதால், வக்கீலிடம் இருப்பதன் ஹாஷ் வேறு, போனில் இருப்பதன் ஹாஷ் வேறு. எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்ள இது ஒன்றே போதும். கேபிள் போட்டு மூலக் கோப்பை அப்படியே கம்ப்யூட்டருக்கு எடுங்கள். அதற்கு ஹாஷ் கணக்கிட்டு, அதையே பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

வழக்கு முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிடாதீர்கள். ‘ஏஐ வைத்துச் செய்த வீடியோ’ என்று சொல்வது இப்போது எல்லோருக்கும் சுலபம். தடய அறிவியல் ஆய்வுக்குப் போனால் மூலப் போன்தான் கைகொடுக்கும்.

கே: சாட்ஜிபிடி என் வழக்குக்குச் சாதகமாக மூன்று தீர்ப்புகள் கொடுத்தது. வக்கீல் தேடியும் கிடைக்கவில்லை என்கிறார். (வாசகர், திருமங்கலம்)

ப: இல்லாததைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பழகிய நடையில் வாக்கியம் கோக்கும் கருவி அது. வாதி பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு அசலாக வரும், தீர்ப்பு மட்டும் இருக்காது. நியூயார்க்கில் இப்படிப்பட்ட தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்றால் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கிடைத்தாலும் சம்பந்தப்பட்ட பத்தியைப் படித்துவிடுங்கள். உண்மையான தீர்ப்புக்கே சாட்ஜிபிடி தலைகீழாகச் சுருக்கம் எழுதிவிடும்.

கே: வாய்தா தேதியைப் போனிலேயே பார்க்கலாமாமே? (வாசகர், உசிலம்பட்டி)

ப: இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்பில் சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இட எழுத்து-எண் வரிசை) இடைவெளி, கோடு இல்லாமல் அடியுங்கள். மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளை வழக்கானால் ‘எச்சிஎம்டி’ என்று தொடங்கும். தேதி ஏறத் தாமதமாகலாம். வக்கீல் குமாஸ்தாவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கிரிமினல் வழக்கில் நீங்கள் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) என்றால் ஆப்பில் தேதி பார்த்தது ஆஜரானதாகாது. வர முடியாத நாளில் வக்கீல் மூலம் மனு போட வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 317-ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்துள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 355); இல்லையென்றால் பிடிவாரண்ட் வரலாம்.